சகலைக்கு ஒரு படி கீழே

அடுத்தவரை மிஞ்சுவதற்கு இங்கிலாந்தில் பாடப்புத்தகமே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குமேல்தான் தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தால் கீரமங்கலத்துச் சகலையிடம் இத்தனை தடவை மூக்குடைபட்டிருக்க மாட்டேன் என்று முதலில் ஆறுதல்பட்டுக்கொண்டேன். படித்துவிட்டுப் போய் மோதியபோது முன்னைவிட நன்றாகவே உடைந்தது.

புத்தகத்தை எழுதியவர் ஸ்டீபன் பாட்டர், பிபிசி வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். 1947-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டனில் கடும் குளிர், கூடவே எரிபொருள் தட்டுப்பாடு. பிபிசியே சில ஒலிபரப்புகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் சும்மா உட்கார்ந்த மனுஷன், ஏமாற்று என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி என்று 'கேம்ஸ்மன்ஷிப்' என்ற புத்தகத்தை எழுதினார். அது ஓடவே 1950-ல் 'லைஃப்மன்ஷிப்', 1952-ல் 'ஒன்-அப்மன்ஷிப்'. இந்த மூன்றாவது தலைப்புதான் ஆங்கிலத்தில் நிலைத்த சொல்லாகிவிட்டது. கோல்ஃப் விளையாட்டில் எதிராளியைவிட ஒரு குழி கூடுதலாக ஜெயித்திருப்பவரை 'ஒன் அப்' என்பார்கள். பாட்டர் அதை வரவேற்பறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்தார். அவருடைய கணக்கில் மனிதர்கள் இரண்டே வகை: ஒரு படி மேலே இருப்பவர், ஒரு படி கீழே இருப்பவர். பக்கத்துப் பக்கத்தில் சமமாக உட்காருவது என்பது அவர் புத்தகத்தில் கிடையாது. எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் கிடையாது.

இதற்கெல்லாம் விதை போட்டது 1931 ஜூன் மாதம் நடந்த ஒரு டென்னிஸ் ஆட்டம். பாட்டரும் அவர் நண்பர் சி.ஈ.எம். ஜோடும் ஒரு பக்கம். ஜோடு லண்டனில் தத்துவம் கற்பித்தவர். எதிர்ப்பக்கம் இரண்டு கல்லூரி மாணவர்கள், வாட்டசாட்டமான பையன்கள். பையன்கள் போட்ட போடில் பெரியவர்கள் இருவரும் பந்தைத் தொடவே தடுமாறினார்கள். ஒரு வழியாக ஜோடு மட்டையை வீச, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்ப் பின்வலையில் விழுந்தது. குருடனுக்கும் தெரியும், அது அவுட். மாணவர்கள் அடுத்த பந்து போட இடம் மாறிக்கொண்டிருக்கும்போது ஜோடு இந்தப் பக்கத்திலிருந்து மிகுந்த மரியாதையோடு கேட்டார்: பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தயவுசெய்து தெளிவாகச் சொல்லிவிட முடியுமா?

பையன்கள் நல்ல வளர்ப்பு. ஆடிப்போனார்கள். நாம்தான் ஏதோ அநியாயம் செய்துவிட்டோமோ என்று திகைத்து, வேண்டுமானால் மறுபடி ஆடலாம் என்றார்கள். வேண்டாம், தெளிவாகச் சொன்னால் போதும் என்றார் ஜோடு. அதற்குப் பிறகு பையன்களுக்குக் கை ஓடவில்லை. பெரியவர்கள் ஜெயித்தார்கள். பாட்டருக்கு ஞானோதயம் அங்கேதான்.

இந்த ஜோடு பிற்பாடு பிபிசி நிகழ்ச்சிகளில் பேசிப் பேசி நாடறிந்தவரானார். 1948-ல் டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போய் மாட்டிக்கொண்டார். அபராதம் 2 பவுண்டு. அதோடு பிபிசி வாய்ப்பும் போயிற்று. டிக்கெட் பரிசோதகரிடம் 'தெளிவாகச் சொல்லுங்கள்' செல்லுபடியாகவில்லை போலிருக்கிறது. குருவின் கதி இப்படி முடிந்ததைப் படித்த பிறகாவது நான் புத்தகத்தை மூடி வைத்திருக்க வேண்டும்.

என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட இளையவர். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, கொஞ்சம் பூ, கொஞ்சம் பலா. நான் புதுக்கோட்டை டவுனில் மாதச் சம்பளக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் படிப்பு உண்டு, அவருக்கு நிலம் உண்டு. போட்டி என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்காது. நான் பயிற்சி எடுத்து, திட்டம் போட்டு, மெனக்கெட்டு மிஞ்சப் பார்ப்பேன். அவர் சும்மா வந்து நிற்பார், நான் கீழே இருப்பேன்.

அமெரிக்காவில் 1913-லிருந்து பல வருஷம் பத்திரிகைகளில் ஓடிய சித்திரக்கதை ஒன்று உண்டு. பெயர் 'கீப்பிங் அப் வித் தி ஜோன்சஸ்'. வரைந்தவர் பாப் மோமண்ட். நியூயார்க்குக்கு வெளியே வசதியானவர்கள் குடியிருக்கும் ஊரில் தானும் மனைவியும் அக்கம்பக்கத்தாருக்கு ஈடுகொடுக்க முயன்று, கட்டுப்படியாகாமல் நகரத்தில் மலிவான வாடகை வீட்டுக்குப் போன சொந்த அனுபவத்தையே கதையாக்கினார். பக்கத்து வீட்டு ஜோன்ஸ் குடும்பத்தைப் போல வாழத் துடிக்கும் ஒரு குடும்பத்தின் பாடுதான் கதை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஜோன்ஸ் குடும்பம் கடைசிவரை கண்ணில் படவே படாது. கொடுத்துவைத்தவர் மோமண்ட். என்னுடைய ஜோன்ஸ் வெள்ளிக்கிழமைதோறும் புல்லட்டில் வந்து இறங்குவார், பின்னால் கட்டிய பலாப்பழத்தோடு.

பாட்டர் சொல்லித்தரும் உத்திகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாட்டைப் பற்றியோ ஊரைப் பற்றியோ விவரம் தெரிந்தவர் ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நமக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவர் மூச்சுவிடும் நேரத்தில், இதெல்லாம் தெற்குப் பக்கத்துக்குப் பொருந்தாதே என்று மெதுவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த ஊருக்கும் ஒரு தெற்கு இருக்கும். பேசினவர் குழம்பிவிடுவார், நாம் ஒரு படி மேலே.

சகலை ஒருநாள் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் கிணற்றில் கைக்கு எட்டின தண்ணீர் இப்போது ஆழ்குழாய் போட்டும் எங்கெங்கோ போய்விட்டது, எல்லோரும் போட்டி போட்டுத் துளைத்ததன் பலன் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா தெக்க அப்படியில்லையே சகலை" என்றேன்.

"தெக்கன்னா எங்கிட்டு? ஆவுடையார்கோயில் பக்கமா, மணமேல்குடிப் பக்கமா?"

பாட்டர் இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. பொதுவாகச் சொன்னேன் என்றேன்.

"மணமேல்குடில நம்ம பய ஒருத்தனுக்கு போர் போட நான்தான கூடப் போயிருந்தேன். தண்ணி சீக்கிரம் வந்துருச்சு. வாயில வச்சா உப்பு. நீங்க சொன்னது சரிதான் சகலை, தெக்க அப்படியில்ல." பக்கத்திலிருந்த என் மாமனாரிடம் திரும்பி, "பெரியவரு ஆபீஸ்ல இருந்தாலும் எல்லா விவரமும் தெரிஞ்சு வச்சிருக்காரு மாமா" என்று வேறு சொன்னார். பாராட்டி ஒருவனைக் கீழே தள்ளுவது பாட்டர் காலத்துக்குப் பிந்திய முன்னேற்றம் என்று நினைக்கிறேன்.

பேச்சில் முடியாதது கல்லிலும் மண்ணிலும் முடியுமா என்று பார்த்த காலமும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் அந்தப் பாடத்துக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைய வேண்டாம். திருமயம் பக்கம் ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி என்று எந்த நகரத்தார் ஊருக்குள் நுழைந்தாலும் போதும். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. இந்தத் தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லைக்கதவு முடியும் வீடுகள். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தவர்கள், பங்காளி வீட்டைவிட ஒரு கட்டாவது கூட இருக்கட்டும் என்று எழுப்பியவை. இன்று பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. ராஜாக்களும் சளைத்தவர்கள் இல்லை. வெள்ளைக்காரன் சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் பீரங்கிக் குண்டை எண்ணி மரியாதை கொடுத்தான். புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு 17 குண்டு, திருவிதாங்கூருக்கு 19, மைசூருக்கு 21. இரண்டு குண்டு வித்தியாசத்துக்காக எத்தனை திவான்கள் தூக்கம் கெட்டார்களோ. 1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது.

என் அளவுக்கு நான் செய்தது, வீட்டு முன்வராந்தாவில் ஆத்தங்குடிக் கல் பதித்தது. அது சூளையில் சுடாத கல். கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். நடக்க நடக்கத்தான் மெருகேறும். எனக்குப் பொறுமை ஏது? சகலை குடும்பத்தோடு வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்தினம், பளபளக்கட்டும் என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். பூப்போட்ட தரை வெளிறிப்போய்விட்டது. சகலை குனிந்து தொட்டுப் பார்த்து, பழைய கல்லா என்று கேட்டார். அவர் வீட்டில் தாத்தா போட்ட சிவப்பு சிமெண்டுத் தரை. அதில் இன்றைக்கும் குனிந்து தலை சீவிக்கொள்ளலாம்.

அடுத்த தோல்வி குளமங்கலத்தில். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் நிற்கும் குதிரை 33 அடி உயரம். ஆசியாவிலேயே பெரியது என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம். மாசிமகத்தன்று அந்தக் குதிரைக்கு அதன் உயரத்துக்குக் காகிதப்பூ மாலை கட்டிக்கொண்டுவந்து போடுவது நேர்த்திக்கடன். காரிலும் வேனிலும் லாரியிலும் மாலைகள் வந்து இறங்கும். சாயங்காலத்துக்குள் குதிரையின் உடம்பு முழுக்க மறைந்து, முகம் மட்டும் தெரியும். மகளுக்கு வரன் அமைந்தால் போடுவதாக நான் வேண்டிக்கொண்டேன். சகலைக்கும் அந்த வருஷம் ஒரு வேண்டுதல். அவர் எத்தனை அடியில் சொல்லியிருக்கிறார் என்று மனைவி மூலம் விசாரித்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டி, நடுவில் ஜரிகைப்பூ வேறு வைத்துக் கட்டச் சொன்னேன். கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்று இருட்டோடு கிளம்பி, கிட்டத்தட்ட முதல் மாலையாகப் போட்டும்விட்டேன்.

முதலில் போட்ட மாலை அடியில் போய்விடும் என்கிற சாதாரண விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் என் ஜரிகைப்பூவுக்கு மேல் எத்தனையோ ஊர்க்காரர்களின் மாலை. சகலை சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ, பிள்ளைகுட்டிகளோடு சாவகாசமாக வந்தார். அவருடைய மாலை மேலாக விழுந்தது. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். எடுத்தது நான்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் மிஞ்சுவதற்கு முறையான ஏற்பாடு மொய். ஆடி, ஆவணி வந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், அந்தப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிவரை மொய் விருந்துதான். கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை, விருந்தே விசேஷம். செலவைப் பகிர்ந்துகொள்ளச் சிலர் சேர்ந்து ஒரே பந்தலில் போடுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு. சாப்பிட்டுக் கைகழுவியவர் நேராக மொய் எழுதும் இடத்துக்கு வருவார். போன தடவை இவர் தனக்குச் செய்ததைத் திருப்பிக் கொடுப்பது பழைய நடை. அதற்குமேல் வைப்பது புது நடை. அந்தப் புது நடை விருந்து போட்டவருக்குக் கடன். சுமார் ஐந்து வருஷம் கழித்து மற்றவர் விருந்து போடும்போது அது பழைய நடையாகத் திரும்ப வேண்டும், மேலே கொஞ்சம் ஏறி. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. பீரோவுக்குள் ஒரு நோட்டு, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் போர் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள், கடனை அடைத்திருக்கிறார்கள். 2019-ல் வடகாட்டு விவசாயி ஒருவருக்கு ஒரே விருந்தில் நான்கு கோடி ரூபாய் விழுந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பணம் எண்ணும் இயந்திரமெல்லாம் விருந்துப் பந்தலுக்கு வந்து நாளாகிறது.

வாங்கினதை மட்டும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றும் வைக்காவிட்டால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். கடன் தீர்ந்த நிம்மதி அதில் இல்லை; இனிமேல் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லுகிற மாதிரி. ஆகவே யாராவது ஒருவர் எப்போதும் ஒரு படி மேலே இருந்தாக வேண்டும், அடுத்த விருந்துவரை. பாட்டர் கீரமங்கலத்துக்கு வந்திருந்தால் புத்தகத்தை வேறு மாதிரி எழுதியிருப்பார். அவருடைய ஆள் எதிராளியைச் சங்கடப்படுத்தி மேலே போகிறான், கைக்காசு ஒன்றும் செலவில்லை. இங்கே மேலே போக வேண்டுமானால் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டுமே சரியாக வரவில்லை.

என் புதுமனை புகுவிழாவுக்குச் சகலை 5,000 எழுதியிருந்தார். அவர் விருந்து போட்டபோது 5,000 பழையதும் 5,000 புதியதுமாக எழுதினேன். எனக்குப் பின்னால் நின்றவர் பூ பறிக்கும் வேலைக்குப் போகிற அம்மாள். இடுப்புச் சுருக்கைப் பிரித்து என்னைவிட அதிகமாக எழுதிவிட்டுப் போனார். சரி, சகலையோடு தானே கணக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு மகள் கல்யாணம். இனி ரூபாயால் ஜெயிக்க முடியாது, நாகரிகத்தால் ஜெயிக்கலாம் என்று யோசனை தோன்றியது. டவுன் பழக்கப்படி அழைப்பிதழின் அடியில், 'அன்பளிப்புகளைத் தவிர்க்க வேண்டுகிறோம்' என்று ஒரு வரி அச்சடித்தேன். கைநீட்டி வாங்காத பெரிய மனுஷன் என்ற பெயர் வரும் பாருங்கள். எனக்குப் பணம் தேவையில்லாமல் இல்லை. மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் பாக்கி நின்றது.

கல்யாணத்துக்கு முன்பே கீரமங்கலப் பக்கத்திலிருந்து மனஸ்தாபம் கிளம்பிவிட்டது. நாங்கள் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா, எங்களைக் கடன்காரனாகவே வைத்திருக்கப் பார்க்கிறாரா, உறவை முறிக்கிறாரா என்று சித்தப்பா முறைக்காரர் ஒருவர் போனிலேயே சத்தம் போட்டார். நான் மேலே போவதற்காக எழுதிய ஒரு வரி, சனத்தையெல்லாம் கீழே பிடித்து அமுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலுக்குப் போனால், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, நாற்காலி, புது நோட்டு, இரண்டு பேனா. மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே சகலையின் பெயர். பழைய நடை 5,000. புது நடை 20,000. "நீங்க அச்சடிச்சது டவுன்காரங்களுக்கு சகலை. நம்ம ஆளுகளுக்கு இல்லன்னு நான் சொல்லிட்டேன்" என்றார். முகூர்த்தம் முடியும்வரை அவரே உட்கார்ந்து எழுதினார். மண்டபப் பாக்கியும் சமையல் பாக்கியும் அந்த நோட்டிலிருந்துதான் தீர்ந்தன. மாப்பிள்ளை வீட்டார் என் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டே போனார்கள்.

ஒரே ஒரு தடவை நான் மேலே இருந்தேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் அருகே கரையேறி எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை அடித்துப்போட்டுவிட்டுப் போனது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பாதை கிடைத்தவுடன் அரிசி, மெழுகுவர்த்தி, ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் சின்னதாக வேறொன்றும் இருந்தது: இன்றைக்குக் கொடுக்கிறவன் நான். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

தோப்பில் நின்ற மரங்களை எண்ண ஒரு கை போதுமானதாக இருந்தது. அவர் அப்பா வைத்த மரங்கள் ஒரே திசையில் படுத்துக்கிடந்தன. கரண்ட் இல்லாத ஊரில் சகலை வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். குடத்தோடு வரிசை நின்றது. என்னைக் கண்டதும் மோட்டாரைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடிவந்து, "டவுன்ல கரண்டு வந்துருச்சா சகலை? பேரப்பிள்ளைக்குப் பால் கிடைக்குதா?" என்று கேட்டார். என் கையிலிருந்த பையை வாங்கி வரிசையில் நின்ற ஒரு கிழவியிடம் கொடுத்தார். திரும்பும்போது, விழுந்த தேங்காயில் இரண்டு மூட்டை என் வண்டியில் ஏற்றினார். கிடந்தால் வீணாகிவிடுமாம். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

மறுவருஷம் அவர் விருந்துக்கு 20,000 பழைய நடையும் 10,000 புது நடையும் எழுதினேன். அந்த ஆவணியில் பலராலும் கொடுக்க முடியவில்லை. மரம் போனவர்கள் எங்கே போவார்கள்? வராதவர்களைப் பற்றிச் சகலை ஒரு வார்த்தை பேசவில்லை. தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க எத்தனை வருஷம் என்று மட்டும் சொன்னார். கொரோனா வந்து அடுத்த ஆண்டு விருந்துகளும் நின்றன.

ஆக இன்றைய தேதிக்கு, நோட்டுப்படி, நான்தான் மேலே. சகலை எனக்கு 10,000 பாக்கி. ஆனால் அதை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் நான் ஏதாவது விசேஷம் வைக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடு கட்டியாயிற்று, காதுகுத்த இனி ஆள் இல்லை. பார்க்கும்போதெல்லாம், "ஒரு விசேஷம் வைங்க சகலை, கணக்கு நிக்கிது" என்று அவர் கேட்கிறார். கடன்காரர் துரத்த, கொடுத்தவன் ஒளிகிற கூத்து எங்கள் மாவட்டத்தில்தான் நடக்கும்.

ஆகவே ஆவணியில் என் மணிவிழாவை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உண்மையில் அறுபது முடிந்து கொஞ்ச நாளாகிறது; அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அழைப்பிதழில் 'அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்' என்ற வரி இருக்காது. எழுத உட்காரப்போவது சகலை. வருகிறவர்கள் தலைப்பெழுத்து, பெயர், ஊர் மூன்றையும் அவரிடம் தெளிவாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.